எல்லையோரத்தில் சொந்தமாக சர்க்யூட் போர்டு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள–தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் தோப்புக்காரர்கள், மோட்டார் மெக்கானிக்குகள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பொறியாளர் இல்லை. ஆசைக்காகத் தொடங்கி, பல வருடமாகப் போர்டு செய்து வருகிறேன். பதில்களில் பெரும்பாலும் ஒரே போர்டுதான் வரும்: கிணற்றிலோ போர்வெல்லிலோ தண்ணீர் வற்றியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ட்ரை ரன் போர்டு. இந்தப் பக்கத்துக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

டாட் போர்டில் (வரிசையாகத் துளை போட்ட பலகை) ஒயர் இழுத்தாலே வேலை நடக்கிறதே, தனியாகப் போர்டு எதற்கு?

ஒன்றே ஒன்று செய்து மேசை மேல் வைத்துக்கொள்வதானால் டாட் போர்டு போதும். என் முதல் ட்ரை ரன் சர்க்யூட்டும் அதில்தான் ஓடியது. மோட்டார் ரூமுக்குப் போனதும் கதை மாறியது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பெட்டி முழுக்க அதிரும். மூன்றாவது மாதம், அந்தக் கான்டாக்டரை இயக்கும் சின்ன சுவிட்சான ரிலேவுக்குப் போன ஒயர் ஈயத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. மோட்டார் இரவெல்லாம் வெறுமனே ஓடியது. சரி செய்யப் போனவருக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. செய்த எனக்கே அரை மணி நேரம் பிடித்தது.

அச்சடித்த போர்டில் ஒயருக்குப் பதிலாக உள்ள செம்புத் தடம் பலகையோடு ஒட்டியே இருப்பதால் அதிர்வில் கழன்று வராது. அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் அதே படத்தை வைத்து இன்னொன்று எடுக்கலாம், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மிக முக்கியமாக, எது என்ன என்று போர்டின் மேலேயே எழுதிவைக்கலாம். பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1930களில் லண்டனில் ஒரு வானொலிப் பெட்டியை இந்த முறையில் செய்து பார்த்தார். ஒயர் காட்டுக்குப் பதிலாக அச்சடித்த செம்பு என்ற அவருடைய யோசனையைத்தான் நாமும் செய்கிறோம்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்கள் செய்ய முடியுமா?

முடியும். ஓம் விதி, மல்டிமீட்டரில் மின்னழுத்தமும் தொடர்ச்சியும் பார்க்கத் தெரிவது, டேட்டா ஷீட்டில் கால்களின் வரிசையைத் தேடி எடுப்பது, இந்த மூன்றும் வேண்டும். மோட்டார் வைண்டிங் செய்கிறவர்கள் எல்லோரையும் விட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் கை ஏற்கெனவே பழகிய கை.

எந்த மென்பொருள்?

கீகேட். காசு கிடையாது, போர்டின் அளவுக்கும் அடுக்குக்கும் கட்டுப்பாடு கிடையாது. பிரான்சில் ழான் பியர் ஷராஸ் என்பவர் 1992இல் தொடங்கியது. பிறகு ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் ஆட்களும் சேர்ந்து வளர்த்தார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேரளப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் கொடுத்த மடிக்கணினிகள் லினக்ஸில் ஓடுபவை. லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளிக் கணினி மன்றத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சூழல் பழக்கமானதுதான், வீட்டுப் பழைய கணினியிலும் லினக்ஸ் போட்டுக் கீகேட் நிறுவலாம்.

வேலை நான்கு படியாகப் போகும். முதலில் சர்க்யூட் படம் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஃபுட்பிரிண்ட், அதாவது போர்டில் அது உட்காரும் துளைகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பாகங்களை இடம் பார்த்து வைத்துத் தடம் இழுப்பது. கடைசியாக விதிச் சோதனையை ஓட்டுவது. தவறைக் காட்டும் சிவப்பு அம்பு ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆகும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். மூன்றாவது படியில் தடத்தை விடப் பாகங்களை வைக்கும் இடத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இடம் சரியாக அமைந்துவிட்டால் தடங்கள் தானாகவே வழி கண்டுபிடித்ததுபோல் விழும்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தப்புச் செய்வது எதில்?

ஃபுட்பிரிண்டில். என்னிடம் வந்த வேலை செய்யாத போர்டுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். சர்க்யூட் படம் சரியாக இருக்கும், தடமும் சரியாக இருக்கும், பாகம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கும்.

டிரான்சிஸ்டரையே பாருங்கள். பி.சி. 547ஐ (BC547) தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே மாதிரி பிளாஸ்டிக் உடம்பு கொண்ட 2என்3904ஐ அப்படியே பிடித்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் ஒன்று இல்லையென்று இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ரிலே மட்டும் இழுக்காது.

ரிலேவும் அப்படித்தான். சுகர் க்யூப் ரிலேயின் ஐந்து கால்களும் சமச்சீராக இருக்காது. மேலிருந்து பார்த்த படத்தையும் அடியிலிருந்து பார்த்த படத்தையும் குழப்பிக்கொண்டால் காயில் (கம்பிச் சுருள்) இருக்க வேண்டிய இடத்தில் கான்டாக்ட் (திறந்து மூடும் முனை) வந்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து காகிதம். போர்டை 100 சதவீத அளவில் வெள்ளைத் தாளில் அச்செடுங்கள். ஜெராக்ஸ் கடையில் "பேஜுக்கு ஃபிட் பண்ண வேண்டாம், அளவு மாறக் கூடாது" என்று சொல்லிக் கேளுங்கள். போர்டின் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்றை வரைந்துவைத்து, தாள் வந்ததும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் தாளை தெர்மாகோல் மேல் வைத்து, வாங்கி வந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் துளைக்குள் குத்துங்கள். ரிலே உட்காருகிறதா, டெர்மினல் பக்கத்துப் பாகத்தை இடிக்கிறதா, ஸ்க்ரூ திருப்பக் கை போகிறதா என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பாகத்தை முதலில் வாங்குங்கள், போர்டை அப்புறம் வரையுங்கள். மாற்றிச் செய்த ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு போர்டு வீணாகியிருக்கிறது.

தடம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

கடையில் கிடைக்கும் சாதாரணப் போர்டில் செம்பின் தடிமன் சுமார் 35 மைக்ரான். அதில் 10 டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் 1 ஆம்பியர் போக 0.3 மி.மீ. போதும். 3 ஆம்பியருக்குச் சுமார் 1.4 மி.மீ., 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ. வேண்டும். கணக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, கரண்ட் கூடக் கூட அகலம் இன்னும் வேகமாகக் கூடும். 10 ஆம்பியருக்கு 7 மி.மீ. தாண்டிவிடும். வீட்டில் எட்சிங், அதாவது வேண்டாத செம்பைத் திரவத்தால் அரித்தெடுப்பது, செய்வதானால் கரண்ட் குறைவாக இருந்தாலும் 0.8 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய தடம் அரிபட்டுப் போகும்.

மோட்டார் கரண்டைப் போர்டு வழியாகக் கொண்டு போகவே கூடாது. ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் காயிலை மட்டும் நம் ரிலே துண்டித்தால் போதும், மோட்டார் நின்றுவிடும்.

போர்டில் 230 வோல்ட் வருகிறது. எவ்வளவு கவனம் தேவை?

இதை நிதானமாகப் படியுங்கள். மற்ற தவறுகள் எல்லாம் பணத்தோடு போகும்.

மலிவாக இருக்கிறதென்று டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230இலிருந்து 5 வோல்ட் எடுக்கும் சர்க்யூட்டைப் பலர் கொண்டுவருகிறார்கள். அதில் போர்டின் ஒவ்வொரு புள்ளியும் மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மீட்டரில் 5 வோல்ட் என்றுதான் காட்டும், தொட்டால் உயிர் போகும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ட்ரை ரன் போர்டிலிருந்து ஒரு ஒயர் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் கை கால் கழுவுகிறார்கள். ஆகவே சிறிய டிரான்ஸ்ஃபார்மரோ, எச்.எல்.கே. பி.எம்.01 போன்ற மூடிய 5 வோல்ட் மாட்யூலோ மட்டுமே பயன்படுத்துங்கள். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மெயின் தடத்துக்கும் தாழ்மின்னழுத்தத் தடத்துக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. வெற்றிடம் விடுங்கள், நான் 8 விடுகிறேன். ரிலே, ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சமிக்ஞை கடத்தும் பாகம்) இருக்கும் இடத்தில் இவ்வளவு தூரம் கிடைக்காவிட்டால் நடுவே போர்டையே அறுத்து நீளத் துளை போடலாம். துளை இருந்தால் தூசியும் ஈரமும் சேர்ந்து பாலம் கட்ட வழியில்லை. லைனில் கண்டிப்பாக ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பக்கத்துத் த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும், அதாவது 415 வோல்ட். சுகர் க்யூப் ரிலேயின் மேல் எழுதியிருப்பது 250 வோல்ட். அதில் 415ஐத் திறந்து மூடினால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பிறகு மோட்டார் நிற்கவே நிற்காது. ஸ்டார்ட்டரைத் திறந்து காயிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 415 என்றிருந்தால் எலக்ட்ரீசியனிடம் சொல்லி 230 வோல்ட் காயில் போட்டு நியூட்ரலோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இடிமழைக்குப் போர்டு தாங்குமா?

சித்திரையிலும், மலையாளத்தில் துலாவர்ஷம் என்று சொல்லும் ஐப்பசி மழையிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். நேரடியாக இடி விழுந்தால் எந்தப் போர்டும் நிற்காது. அக்கம்பக்கத்தில் விழும் இடியால் லைனில் ஏறும் அதிர்ச்சியைக் குறைக்கலாம். ஃபியூஸுக்குப் பிறகு லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் வேரிஸ்டர் ஒன்று போடுங்கள். நீல நிறத்தில் வட்டக் காசுபோல் இருக்கும் பாகம் அது.

கிணற்றுக்குப் போகும் நீள ஒயர் இன்னொரு வாசல். நூறு மீட்டர் ஒயர் இடியை வாங்கும் ஆன்டெனாவாகவே நடந்துகொள்ளும். அந்த ஒயர் உள்ளே வரும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரும், அதற்குப் பின்னால் பி.சி. 817 (PC817) ஆப்டோகப்ளரும் வையுங்கள். அப்படி வைத்த பிறகு எனக்கு ஆப்டோகப்ளர் மட்டும் போன போர்டுகள் உண்டு, போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் தப்பியது. சாக்கெட்டில் வைத்திருந்தால் ஆப்டோவைக் கழற்றி மாற்ற ஒரு நிமிடம்.

தண்ணீருக்குள் இருக்கும் கம்பிகளில் எப்போதும் ஒரே திசையில் டி.சி. கொடுக்காதீர்கள். மின்னாற்பகுப்பில் ஒரு கம்பி சில வாரங்களிலேயே அரித்துப்போகும். சில நொடிக்கு ஒருமுறை சின்னத் துடிப்பாக, திசை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எவர்சில்வர் கம்பி நெடுநாள் நிற்கும்.

வீட்டிலேயே போர்டு செய்வது எப்படி?

லேசர் பிரிண்டர் அல்லது ஜெராக்ஸ் மெஷினின் டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் உருகிச் செம்பில் ஒட்டும், செம்பை அரிக்கும் திரவம் அதைத் தொடாது. முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. இங்க்ஜெட் பிரிண்டர் உதவாது.

பளபளப்பான தாளில் அச்செடுங்கள். செம்பு பூசிய பலகையைத் தேவையான அளவுக்கு அறுத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் டோனர் ஒட்டாது. தாளைக் கவிழ்த்து வைத்து, நீராவி இல்லாத அயர்ன் பாக்ஸைப் பருத்திச் சூட்டில் வைத்து மூன்று நான்கு நிமிடம் அழுத்துங்கள். ஓரங்களை மறக்காதீர்கள். ஆறிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுத் தாளைக் கட்டைவிரலால் உருட்டி எடுங்கள், பிய்த்து இழுக்க வேண்டாம். விட்டுப்போன இடத்தை பெர்மனன்ட் மார்க்கரால் நிரப்புங்கள்.

அடுத்து, செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு. கட்டியாக வாங்கினால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கரையும்போதே சூடேறும். பிளாஸ்டிக் தட்டுதான் வேண்டும். அலுமினியத்தையும் எவர்சில்வரையும் அது அரித்துவிடும். தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் பத்து, இருபது நிமிடத்தில் முடியும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். துணியில் பட்ட கறை போகாது. ஆசிட்டும் பெராக்சைடும் கலக்கும் முறையை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம், குளோரின் வாயு வரும்.

துளை போட ரெசிஸ்டருக்கும் ஐ.சி.க்கும் 0.8 மி.மீ., டயோடுக்கும் பின் ஹெடருக்கும் 1, டெர்மினலுக்கும் ரிலேவுக்கும் 1.3 மி.மீ. பிட் போதும்.

அச்செடுக்கும்போது கண்ணாடிப் பிம்பமாக எடுக்க வேண்டுமா?

அடிப்பக்கச் செம்புக்கு வேண்டாம். கீகேட் திரையில் அடிப்பக்கத்தை நாம் மேலிருந்து ஊடுருவிப் பார்க்கிறோம். தாளைக் கவிழ்க்கும்போது அது தானாகவே ஒருமுறை திரும்பிவிடும். மேல்பக்கச் செம்பு என்றால்தான் கண்ணாடிப் பிம்பம் தேவை. நினைவில் வைக்கச் சிரமமாக இருந்தால் செம்பு அடுக்கில் ஓர் எழுத்தை எழுதிவையுங்கள். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால் செம்பில் நேராக விழும்.

உபயோகித்த திரவத்தை எங்கே ஊற்றுவது?

வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கிணற்றடியில், தென்னைக்கு, சாக்கடையில், எங்குமே வேண்டாம். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு நஞ்சு. ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீரைச் சித்தூர்ப்புழையிலும் மூலத்தரைக் கால்வாயிலும் பங்கு போட்டு வாழ்கிற ஊர் நம்முடையது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. இன்றுவரை ஒவ்வொரு கன அடிக்கும் இரண்டு மாநிலமும் கணக்குப் பார்க்கின்றன. அந்தத் தண்ணீரில் செம்பைக் கலக்க நமக்கு உரிமை இல்லை.

திரவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், மூடிபோட்ட பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். வேலை செய்ய முடியாமல் போனதும் திறந்த இடத்தில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரை அடங்கும்வரை போட்டால் செம்பும் இரும்பும் சேறாகப் படியும். அதை வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்வரை பத்திரமாக வையுங்கள். இந்தச் சிரமம் வேண்டாம் என்பதாலேயே இப்போது நான் சோதனைப் போர்டை மட்டும் வீட்டில் செய்கிறேன்.

வெளியே கொடுத்துச் செய்வதானால்?

போர்டின் ஒவ்வோர் அடுக்கின் படத்தையும் கொண்ட கெர்பர் கோப்புகளும் துளைக் கோப்பும் கொடுத்தால் போதும். கெர்பர் என்ற பெயர், வரைகருவிகள் செய்த ஜோசப் கெர்பர் என்பவரின் நிறுவனத்திலிருந்து வந்தது. அனுப்பும் முன் கீகேட்டிலேயே உள்ள கெர்பர் பார்வையில் திறந்து ஒவ்வோர் அடுக்காகப் பாருங்கள். துளைகள் பேட் (பாகத்தின் காலை ஈயத்தால் ஒட்டும் செம்புப் பொட்டு) மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, போர்டின் எல்லைக்கோடு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

சீனாவின் ஷென்சென் நிறுவனங்கள் 100 × 100 மி.மீ.க்குள் இருக்கும் இரண்டடுக்குப் போர்டை மிக மலிவாகச் செய்கின்றன. கூரியரும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அடையாளச் சான்றும் கேட்பார்கள். பெங்களூரிலும் குஜராத்திலும் செய்பவர்கள் இருக்கிறார்கள், சுங்கத் தலைவலி இல்லை. 0.15 மி.மீ. தடம் வரை அவர்களால் முடியும். முடியும் என்பதற்காக அவ்வளவு மெல்லிசாகப் போடாதீர்கள். பிற்பாடு சால்டரிங் அயர்ன் வைத்துப் பழுது பார்ப்பவருக்கு 0.4, 0.5 இருந்தால்தான் தடம் பெயராமல் இருக்கும்.

உதிரிபாகம் எங்கே வாங்குவது? வாளையாறு எல்லையில் பிரச்சினை வருமா?

கோயம்புத்தூரில் கிடைக்கும். கிடைக்காதது சென்னை ரிச்சி தெருவில், அல்லது இணையத்தில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. சொந்தத் தேவைக்கு ஒரு பை நிறைய ரெசிஸ்டர் கொண்டுவர யாரும் கேட்பதில்லை, பில்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் வைக்க என்ன அயர்ன்?

25 வாட் போதும். 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈயக்கம்பி 183 டிகிரியில் உருகும், அயர்ன் முனை 320 முதல் 350 வரை இருந்தால் சரி. பேடையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அங்கே தொடுங்கள். அயர்ன் முனையில் ஈயத்தைச் சுமந்துகொண்டு வந்து வைத்தால் ஒட்டாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு ஈயம் கலக்காத கம்பி வாங்கிக் கொடுங்கள், அதற்குச் சூடு 40 டிகிரி கூடுதலாக வேண்டும்.

மழைக்காலத்தில் போர்டு கெட்டுப்போகிறதே?

ஈயம் வைத்தபோது மீந்த பேஸ்ட்தான் (ஃப்ளக்ஸ்) முதல் எதிரி. ஈரத்தில் அது கரண்டைக் கசியவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, போர்டுக்கென்று விற்கும் பாதுகாப்பு வார்னிஷைத் தடவுங்கள். டெர்மினலிலும் சாக்கெட்டிலும் வார்னிஷ் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எறும்பும் பல்லியும் அடுத்தது. வெதுவெதுப்பைத் தேடி வந்து கான்டாக்டுக்கு நடுவே செத்துக் கிடக்கும். ஒயர்களைப் பெட்டியின் அடிப்பக்கமாக கிளாண்ட் வழியே உள்ளே விடுங்கள், மீதி இண்டு இடுக்கை அடைத்துவிடுங்கள். வெயிலும் சும்மா விடாது. பங்குனியில் பாலக்காட்டில் 40 டிகிரி தாண்டும்போது தகரக் கூரைக்கு அடியில் பெட்டிக்குள் இன்னும் அதிகம். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் 105 டிகிரி என்று எழுதியதாகவே வாங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

போர்டில் தமிழில் எழுத முடியுமா?

முடியும். கீகேட் 7 வந்த 2023 முதல், கணினியில் உள்ள எந்த எழுத்துருவையும் போர்டின் வெள்ளை அச்சில் பயன்படுத்தலாம். நம் எழுத்தில் சுழி அதிகம், 2 மி.மீ.க்குக் குறைவாகப் போட்டால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாக அப்பிக்கொள்ளும். 2.5 மி.மீ. வைத்து, தடித்த எழுத்துருவாக எடுங்கள்.

நான் எழுதுவது இவ்வளவு: மெயின் பக்கத்தில் "230 வோல்ட், தொடாதே". ஒவ்வொரு டெர்மினலுக்கும் எதிரே "கிணறு மேல் கம்பி", "கிணறு கீழ் கம்பி", "ஸ்டார்ட்டர் காயில்". ஃபியூஸ் பக்கத்தில் அதன் ஆம்பியர். இரண்டு சோதனைப் புள்ளிகளும் அங்கே மீட்டர் வைத்தால் வர வேண்டிய வோல்டேஜும். செய்த மாதமும் வருடமும். சித்தூர்ப் பக்கம் போகிற போர்டாக இருந்தால் அதே வரிகளை மலையாளத்திலும் சேர்க்கிறேன். அங்கே பழுது பார்க்க வருகிறவர் எந்த மொழி படித்தவரோ தெரியாது, ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் மோட்டார் ரூமில் நின்றுகொண்டு அவர் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.